விரல் மட்டும் போதுமா?

பிள்ளைகளே, கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும். தெருவுக்கு இரண்டு பேராவது கிடார் வகுப்பில் சேர்ந்துவிடுகிறீர்கள். நல்லதுதான். விரல் நுனி வலித்துக் காய்ப்புக் காய்த்து, ஒரு மாதத்தில் நான்கைந்து 'கார்ட்' பிடிக்கப் பழகிவிடுகிறீர்கள். (பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும்போது எழும் ஸ்வரக் கூட்டத்துக்குத்தான் கார்ட் என்று பெயர்.) அதற்கப்புறம்? கைபேசியில் ஒரு வீடியோ, அதில் காட்டும் விரல் படம், அதைப் பார்த்து ஒரு பாட்டு. அடுத்த பாட்டுக்கு அடுத்த வீடியோ!

எனக்கு இதில்தான் குறை. 'எட்டேழு ஐம்பத்தாறு' என்று கடகடவென ஒப்பிக்கும் பிள்ளையிடம், "எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஏழு மிட்டாய் கொடுக்க எத்தனை வாங்க வேண்டும்?" என்றால் விழிக்கும். வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். விரல் படத்தை மட்டும் மனப்பாடம் செய்வதும் அதே மாதிரிதான்.

பள்ளி ஆண்டு விழா ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடப்போகும் தோழி, "இந்தச் சுருதி எனக்கு எட்டலை, கொஞ்சம் இறக்கி வாசிடா" என்கிறாள். நீங்கள் என்ன செய்வீர்கள்? அவள் சுருதிக்கு வீடியோ இருக்கிறதா என்று தேடுவீர்களா?

தேட வேண்டாம். கிடாரின் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் பதித்திருக்கிறதே, அதற்கு ஃபிரெட் என்று பெயர். வீணையில் 'மெட்டு' என்போம். ஒரு ஃபிரெட் ஏறினால் ஸ்வரம் ஒரு படி உயரும். 12 படி ஏறினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வந்துவிடும். அந்த 12ஆவது ஃபிரெட், கம்பியின் நீளத்தில் ஏறக்குறைய சரிபாதியில் இருக்கும், அளந்து பாருங்கள். 'ஏ' என்ற கம்பி (தடித்த பக்கத்திலிருந்து இரண்டாவது) சும்மா மீட்டினால் நொடிக்கு 110 முறை அதிரும். 12ஆவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டினால் 220. நீளம் பாதி, அதிர்வு இரட்டிப்பு. அறிவியல் புத்தகத்தில் வரும் பாடம், உங்கள் மடியிலேயே இருக்கிறது!

இப்போது மெல்லிய பக்கத்திலிருந்து இரண்டாவது கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5, 6, 8, 10, 12, 13 என்ற ஃபிரெட்களை வரிசையாக அழுத்தி மீட்டுங்கள். சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி, மறுபடி சி. இதுதான் 'சி மேஜர்' வரிசை. பாட்டு வகுப்புக்குப் போகிறவர்கள் உடனே தலையை நிமிர்த்துவார்கள். ஆமாம், ச ரி க ம ப த நி ச! சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் இதே இடங்களில்தான் நிற்கின்றன. பெயர் வேறே தவிர, படிக்கட்டு ஒன்றுதான்.

இந்த வரிசையில் ச, க, ப மூன்றையும் சேர்த்து ஒலித்தால் அது மேஜர் கார்ட். அதில் 'க'வை மட்டும் ஒரு படி இறக்கினால் மைனர் கார்ட். நம்பிக்கை இல்லையா? 'இ மேஜர்' பிடித்து மீட்டுங்கள். பிறகு மூன்றாவது கம்பியின் முதல் ஃபிரெட்டில் இருக்கும் விரலை மட்டும் எடுத்துவிட்டு மீட்டுங்கள். கலகலவென்று இருந்தது, சட்டென்று முகம் வாடின மாதிரி ஆகிவிடும். அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரம் ஆயிற்று, அவ்வளவுதான் நடந்தது. இது 'இ மைனர்'. விரல் படத்தில் இவை இரண்டு தனித்தனிப் படங்கள். ஏன் அப்படி மாறுகிறது என்று படம் சொல்லாது.

இன்னும் ஒன்று. எளிய பாட்டுகள் பலவற்றுக்கு ச, ம, ப ஆகிய இடங்களில் எழும் மூன்று மேஜர் கார்ட்களே போதும். ச-விலிருந்து 5 படியில் ம, 7 படியில் ப. சி-யில் தொடங்கினால் சி, எஃப், ஜி. தோழிக்காக ஏ-வுக்கு இறக்கினால் ஏ, டி, இ. எண்ணிப் பார்த்தாலே கிடைத்துவிடுகிறது, ஒத்திகையும் நிற்காது.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1950களில் சில பையன்களுக்கு இ, ஏ என்ற கார்ட்கள் தெரியும். மூன்றாவதாக வேண்டிய 'பி செவன்' தெரியாது. ஊரின் மறுகோடியில் அது தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார்களாம். பிற்காலத்தில் பீட்டில்ஸ் குழுவில் புகழ்பெற்ற பால் மெக்கார்ட்னி சொன்ன கதை இது. அவர்கள் ஏன் குறிப்பாக அந்தக் கார்டைத் தேடினார்கள்? இ-யிலிருந்து 7 படி எண்ணுங்கள். பி வரும்! அந்த பி கார்டோடு இன்னொரு ஸ்வரம் சேர்ந்ததுதான் பி செவன். பஸ் ஏறிய ஆர்வத்தை நான் மெச்சுகிறேன். உங்களுக்குக் கணக்குத் தெரிந்தால் பஸ் காசு மிச்சம்.

"அதே மெக்கார்ட்னி, தனக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது என்கிறாரே! அப்புறம் நாங்கள் மட்டும் ஏன் படிக்கணும்?" என்று கெட்டிக்காரர்கள் கேட்பீர்கள். இசைக்குறிப்பு என்பது எழுத்து. நான் சொல்வது இலக்கணம். எழுத்துத் தெரியாத பாட்டி பிழையில்லாமல் கதை சொல்கிறார் அல்லவா? எழுத்து இல்லாவிட்டாலும் இலக்கணம் அவர் காதில் ஏறியிருக்கிறது. மெக்கார்ட்னிக்கும் அப்படித்தான். ஆனால் அவர் அதற்கு எத்தனை ஆண்டு வாசித்தார் தெரியுமா? உங்களுக்கு வீட்டுப்பாடம் வேறு இருக்கிறது. கொஞ்சம் குறுக்குவழி தேவை.

நம் இளையராஜாவைப் பாருங்கள். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்தவர்தான். கையில் வாத்தியம் பழகிய பிறகும், சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையின் இலக்கணம் படித்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது அதற்குப் பிறகுதான்.

தினமும் இதற்காக மணிக்கணக்கில் உட்காரச் சொல்லவில்லை. வாசித்து முடித்ததும் பத்து நிமிடம். கிடார் சார் புதுக் கார்ட் சொல்லிக்கொடுத்தால், "இதில் என்னென்ன ஸ்வரம் சார் இருக்கு?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் சந்தோஷப்படுவார்.

சரி, இன்று ஒரு கணக்கு. தோழி 'டி'யில் பாடுகிறேன் என்கிறாள். மூன்று கார்ட்கள் எவை? பக்கத்தில் கிடார் இல்லாதவர்கள் விரல் விட்டே எண்ணலாம். 'இ'க்கும் 'எஃப்'க்கும் நடுவிலும், 'பி'க்கும் 'சி'க்கும் நடுவிலும் ஒரு படிதான், மற்றவற்றுக்கு இரண்டு.