காங்கேசன்துறையைச் சரக்குக்கும் திறவுங்கள்
அஜின்கோர்ட்டிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஸ்காபரோவிலும் பலசரக்குக் கடை வைத்திருப்போர், ஊரிலிருந்து சிறு அளவில் பொருள் இறக்குவோர், அவற்றை வாங்கிச் சமைக்கும் குடும்பத்தினர் ஆகிய நாங்கள் இலங்கை, இந்திய, கனடிய அரசுகளின் முன் இக்கோரிக்கைகளை வைக்கிறோம். இலங்கையின் வடக்கிலுள்ள காங்கேசன்துறைத் துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்கு முழுமையாகத் திறக்கப்பட வேண்டும். முழு அதிகாரமுள்ள சுங்க அலுவலகம் அங்கேயே இயங்க வேண்டும். அதன் நடைமுறைகளை வகுக்கும் மேசையில் வடக்கின் உற்பத்தியாளருக்கும் மீனவருக்கும் இடம் வேண்டும்.

2023 ஒக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து செரியபாணி என்ற பயணிகள் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தபோது இங்கே எத்தனையோ வீடுகளில் மகிழ்ச்சி. 2024 ஓகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் அதே வழியில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில், துறைமுகப் புனரமைப்புக்கான 6.15 கோடி அமெரிக்க டொலர் செலவு முழுவதையும் இந்தியா ஏற்றுக்கொண்டது. ஆட்கள் பயணப்பைகளோடு கடல் கடக்கிறார்கள். எங்கள் கடைகளுக்கு வரும் சரக்கோ இன்றும் ஏ9 வீதியால் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் தெற்கே போய், கொழும்பில்தான் கப்பலேறுகிறது.

இதன் விலை என்ன என்பதை எங்கள் கடைகளின் பின்னறைக்கு வந்தால் கண்ணால் பார்க்கலாம். பெட்டியைப் பிரிக்கும்போது பனங்கட்டிக் குட்டானின் ஓலை கறுத்திருக்கும். பனங்கட்டி கசிந்து அடுத்த குட்டானோடு ஒட்டியிருக்கும். கத்தியால் பிரித்து, தேறியதை மட்டும் தட்டில் வைக்கிறோம். தேறாததன் நட்டத்தில் ஒரு பங்கு வடமராட்சியில் அடுப்படியில் நின்று பாணி காய்ச்சியவர் தலையில் விழுகிறது. ஒடியல் மா, மிளகாய்த்தூள், கருவாடு எதுவானாலும் சிறு உற்பத்தியாளரால் ஒரு கொள்கலனைத் தனியாக நிரப்ப முடியாது. பலரோடு சேர்ந்துதான் அனுப்புகிறார். அதில் ஒருவருடைய பெட்டியில் குறை கண்டால் கொள்கலன் முழுவதும் மறிக்கப்படும். பரிசோதனைக்கும் தாமதத்துக்குமான செலவை எல்லோரும் சுமக்க வேண்டும்.

வடக்குக்குக் கடல் வணிகம் புதிதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், பெயர் மாற்றப்பட்டு, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அந்தக் கரைதான் இன்று கொழும்பின் வாசலில் காத்து நிற்கிறது.

ஒரு துறைமுகம் எப்படித் திறக்கப்படக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். இங்கே எங்கள் அயலவர் பலர் ஹொங்கொங்கிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்கள். 1984 இல் அவர்கள் திறந்த டிராகன் சென்டர் அஜின்கோர்ட்டின் முகத்தையே மாற்றியது. அவர்களின் முன்னோர் அபினிப் போரில் தோற்றபின், 1842 நான்கிங் உடன்படிக்கை கன்ரன், அமோய், ஃபூசோ, நிங்போ, ஷங்காய் ஆகிய ஐந்து துறைகளையும் பிரித்தானியருக்குத் திறந்துவிட்டது. தொடர்ந்து வந்த ஒப்பந்தங்கள் சுங்க வரியை ஏறத்தாழ 5 வீதத்தில் கட்டிப்போட்டன. தன் கரையில் இறங்கும் பொருளுக்குத் தானே வரி விதிக்கும் உரிமையை மீட்கச் சீனாவுக்கு 1930 வரை காலம் பிடித்தது. சுங்கத்துறையின் தலைவராகக்கூட 1863 முதல் பல பத்தாண்டுகள் றொபேர்ட் ஹார்ட் என்ற பிரித்தானியப் பிரஜையே இருந்தார். இலங்கையில் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017 இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனதை நாம் அறிவோம். காங்கேசன்துறைக்கு அந்த நிலை வரக்கூடாது. பணம் தருவது டெல்லியோ பெய்ஜிங்கோ வேறெவரோ, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கமும் கையெழுத்துக்கு முன்பே தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும்.

இலங்கை அரசிடம் நாங்கள் கேட்பவை இவை. ஏற்றுமதிப் பத்திரங்களைச் சரிபார்த்துச் சரக்கை விடுவிக்கும் அதிகாரம் காங்கேசன்துறைச் சுங்க அதிகாரிக்கே இருக்கட்டும். ஒவ்வொரு ஒப்பத்துக்கும் கொழும்புக்கு ஓடவிடாதீர்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழும் உணவு ஆய்வறிக்கையும் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்க வேண்டும். சிறு உற்பத்தியாளரின் பெட்டிகளைச் சேர்த்து வைக்கவும் குளிரூட்டி வைக்கவும் ஒரு களஞ்சியம் வேண்டும். 1869 ஆம் ஆண்டுச் சுங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழான படிவங்களையும் அறிவுறுத்தல்களையும் பனங்கட்டி காய்ச்சுபவர் வாசித்து விளங்கும் தமிழில் தாருங்கள். பெரிய கொள்கலன் கப்பல் அங்கே வர வேண்டுமென்று நாங்கள் கேட்கவில்லை. தூத்துக்குடிக்கோ கொழும்புக்கோ கிழமைக்கு ஒருமுறை ஓடும் சிறு சரக்குக் கப்பலே எங்களுக்குப் போதும்.

துறைமுகத்தை ஆழப்படுத்தும்போது மயிலிட்டி மீனவரின் வாழ்வு பாதிக்கப்படக்கூடாது. துறைமுகம் அமைந்துள்ள வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் போரால் விரட்டப்பட்டவர்களில் இன்னும் காணி கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். துறைமுக விரிவாக்கத்தின் பெயரால் அவர்களின் காணியில் ஒரு பரப்பும் எடுக்கப்படக்கூடாது. எங்கள் கடைக்குச் சரக்கு விரைவாக வருவதற்காக அவர்கள் இரண்டாம் முறை இழப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

இந்தியாவிடம் ஒரே கோரிக்கை. தூத்துக்குடி வழியாக மூன்றாம் நாட்டுக்குப் போகும் வடக்கின் சரக்கு, சுங்க முத்திரை உடைக்கப்படாமலும் இறக்குமதி வரி கேட்கப்படாமலும் கப்பல் மாற அனுமதிக்கப்பட வேண்டும். 1906 இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய துறை அது. இலங்கையோடு அதற்குள்ள உறவை நாங்கள் நினைவூட்டத் தேவையில்லை.

இந்த முத்திரை விடயம் கனடாவையும் தொடுகிறது. இலங்கைப் பொருளுக்குக் கனடா வழங்கும் பொதுச் சலுகை வரியைப் பெற, சரக்கு முழுவழிக் கப்பல் பத்திரத்தோடு வர வேண்டும். காங்கேசன்துறையில் எழுதப்படும் பத்திரமே ரொறன்ரோ வரை செல்லுபடியாகும் என்பதை எல்லைச் சேவைகள் முகமை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். சுங்க அட்டவணையில் ஒடியலுக்கும் பனாட்டுக்கும் தனிப் பெயர் இல்லை. ஒரு தரகர் ஓர் எண்ணில் போடுகிறார், இன்னொருவர் வேறோர் எண்ணில் போடுகிறார். பனம்பொருட்களின் வகைப்பாட்டை முன்கூட்டியே தீர்மானித்து முகமை பகிரங்கப்படுத்தட்டும். 2024 ஒக்டோபர் 21 முதல் நடைமுறையில் உள்ள கார்ம் என்ற இறக்குமதி வரிக் கணக்கு முறையில், வரி கட்டுமுன் சரக்கை எடுக்க இறக்குமதியாளர் தன் பெயரிலேயே பிணை வைக்க வேண்டும். ஆண்டுக்குச் சில தடவை மட்டும் இறக்குபவருக்கு அந்தப் பிணை குறைக்கப்பட வேண்டும். 2019 முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தும்படி நாங்கள் கேட்கவில்லை. அந்த உணவை உண்பது எங்கள் பிள்ளைகள். அந்த விதிகளைத் தமிழில் விளக்கும் ஓர் அலுவலர் ஸ்காபரோவில் இருக்க வேண்டும் என்றே கேட்கிறோம்.

இச்சாசனம் மூன்று அரசுகளுக்கும் வடக்கு மாகாணத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பப்படுகிறது. எதை ஏற்கிறார்கள், எதை மறுக்கிறார்கள், மறுப்பதற்கு என்ன காரணம் என்ற பதிலை எழுத்தில், தமிழிலும் எதிர்பார்க்கிறோம்.