நீரறிந்து மீன் வளர்த்தல்

வீட்டில் கண்ணாடித் தொட்டி அமைத்து அழகு மீன் வளர்க்கும் விருப்பம் நம் நாட்டில் நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. 1909-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் பொதுமக்கள் கண்டு களிக்கும் பொருட்டு ஒரு மீன் காட்சிச்சாலை திறக்கப்பெற்றது. அந்நாளில் பட்டணம் சென்று மீண்டோர் வியந்து பேசிய அக்காட்சியை இந்நாளில் ஊத்தங்கரையிலுள்ள ஒருவர் தம் வீட்டுக் கூடத்திலேயே அமைத்துக்கொள்ளலாம். சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வாணிகம் செழித்து நடைபெறுகின்றது. நீரும் உயிர்வளியும் நிரப்பிய பைகளில் மீன்கள் நெடுந்தொலைவு உயிரோடு செல்கின்றன. ஆகவே, மீன் கிடைப்பது அரிதன்று. அதனைக் காப்பதே அரிது.

இவ்விருப்பங் கொண்ட இளைஞர் பலர் முதற்கண் நாடுவது டிஸ்கஸ் என்னும் மீனையே. பண்டைக் கிரேக்கர் விளையாட்டில் வீசிய வட்டத் தட்டின் பெயரே இம்மீனுக்கும் வாய்த்தது. உடல் தட்டுப் போல வட்டமாகவும், நிறம் செம்மை, நீலம், மஞ்சள் எனப் பலவாகவும், நடை அமைதியாகவும் இருத்தலின், காண்பார் உள்ளத்தை இது எளிதிற் கவர்ந்துவிடுகின்றது. இதனை நம் ஊரில் முதன்முறையாக ஒருவர் வளர்க்கத் தொடங்கலாமா என்பதே இக்கட்டுரைப் பொருள். எம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். வளர்க்கலாம்; ஆயின், மீனை வாங்குமுன் தன் ஊர் நீரை அறிந்தவனே அதற்குத் தக்கவன். அங்ஙனம் அறிந்தவனுக்கு, மக்கள் பருகும் நன்னீரை மீனின் பொருட்டு வீணாக்கும் தேவையும் பெரும்பாலும் நேராது.

டிஸ்கஸ் மீனின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. 1817-ஆம் ஆண்டில் பிரேசிலுக்குச் சென்று பதினெட்டு ஆண்டுகள் அங்குத் தங்கி உயிரினங்களைத் திரட்டிய யோகான் நாட்டரர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் இதனைக் கொணர்ந்தார். 1840-இல் எக்கல் என்பார் இதற்கு அறிவியற் பெயரிட்டு விளக்கம் எழுதினார். வெள்ளம் புகுந்த காட்டிடையே, வீழ்ந்த மரங்களின் வேர்களுக்கும் கிளைகளுக்கும் நடுவே இது வாழ்கின்றது. அங்குள்ள நீர் வெதுவெதுப்பானது. சுண்ணம் முதலிய உப்புக்கள் மிகக் குறைந்தது. இலை தழைகள் ஊறுதலாற் புளிப்புத் தன்மை வாய்ந்தது. இம்மீனின் பிள்ளைப் பாசம் மற்றொரு வியப்பு. குஞ்சுகள் தாய் தந்தை இருவர் உடலின் மேற்பரப்பிலும் சுரக்கும் கோழையை உண்டே முதற் சில வாரங்களைக் கழிக்கின்றன. 2010-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக் கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி, குஞ்சு வளர்க்குங் காலத்தில் அக்கோழையிற் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் மிகுகின்றன என்று காட்டிற்று. முலைப்பாலை ஒத்த இவ்வழக்கம் மீனினத்தில் அரிதாகவே காணப்படுவது.

இனி நம் ஊர் நீரை நோக்குவோம். கிருட்டிணகிரி மாவட்டம் கற்பாறை நிலம். இதன் கருங்கல் கடல் கடந்து செல்லும் புகழுடையது. இத்தகைய நிலத்திற் பாறைப் பிளவுகளிற் சேர்ந்த நீரையே ஆழ்குழாய்க் கிணறுகள் மேலே கொணர்கின்றன. பாறையோடு நெடுநாள் உறவாடிய நீர் அதன் உப்புக்களைத் தன்பால் ஏற்றுக்கொள்ளுகின்றது. சவுக்காரம் நுரையாமையும், வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெண்ணிறப் பொருக்குப் படிதலும் இதன் அடையாளங்கள். ஊரார் இதனை உப்புத் தண்ணீர் என்றும், பருகுவதற்கு ஏற்றதை நல்ல தண்ணீர் என்றும் பிரித்து வழங்குவர். பற்களிற் கறையேற்றி எலும்பையும் நலிவிக்கும் புளோரைடு என்னும் உப்பும் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்ட நிலத்தடி நீரில் பலவிடத்து மிகுந்துள்ளது. இத்தீங்கை நீக்கும் பொருட்டே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்று, 2013-ஆம் ஆண்டில் மக்கள் பயனுக்கு அளிக்கப்பட்டது. நல்ல தண்ணீரின் அருமை இம்மாவட்டத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதன்று.

இங்கேதான் வினா எழுகின்றது. அமேசான் நீர் மென்மையானது, நம் நீர் கடினமானது, ஆதலின் ஆர்.ஓ. இயந்திரத்தால் நம் நீரிலுள்ள உப்பை எல்லாம் நீக்கியே டிஸ்கஸை வளர்த்தல் வேண்டும் என்று பலர் கூறுவர். அதன் விலை யாதென்று கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உடைய தொட்டி ஏறத்தாழ 255 லிட்டர் கொள்ளும். மூன்றில் ஒரு பங்கை வாரம் மூன்று முறை மாற்றினால் 255 லிட்டர் புதுநீர் வேண்டும். வீட்டில் வைக்கும் இயந்திரம் ஒரு லிட்டர் தூயநீர் தருவதற்கு இரண்டு முதல் மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுவது பொதுவழக்கு. ஆகவே வாரந்தோறும் 765 லிட்டர் முதல் 1,020 லிட்டர் வரை நிலத்தடி நீர் செலவாகும். 2019-இல் தொடங்கிய நடுவணரசின் ஜல் ஜீவன் திட்டம், சிற்றூர் மக்கள் ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு 55 லிட்டர் அளிப்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. அக்கணக்கின்படி பார்த்தால், ஆறு மீன்கள் இருவர்க்குரிய நீரைக் குடித்துவிடுகின்றன. சித்திரை மாதத்தில் அண்டை வீட்டார் குடம் ஏந்தித் தெருக்குழாயடியில் நிற்க, நம் வீட்டுக் குழாய் வழியே நீர் கழிவாக ஓடுமாயின், அத்தொட்டியின் அழகு நமக்கு இன்பம் பயக்குமோ?

ஆயின் இச்செலவு முதற்கண் தேவையுமன்று என்பதே நாம் அறிய வேண்டும் உண்மை. இன்று கடைகளிற் கிடைக்கும் டிஸ்கஸ் மீன்களிற் பெரும்பாலன காட்டாற்றிற் பிடித்தவை அல்ல. பல தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. இவை ஓரளவு கடினமான நீரிலும் நலமுடன் வாழ்கின்றன. முட்டை பொரிப்பதற்கே மென்னீர் இன்றியமையாதது. கடின நீரில் முட்டைகள் பல பொரியாமற் போகும். முதன்முறையாக வளர்ப்பவன் இனப்பெருக்கத்தை நாட வேண்டுவதில்லை. அவனுக்கு வேண்டுவது மாறாத நீரே. இன்று மென்னீரும் நாளை கடின நீருமாக மாற்றி மாற்றி ஊற்றுதல், என்றும் ஒரே தன்மையான கடின நீரினும் மீனுக்குத் தீங்கானது. ஆகவே, வாங்குமிடத்து அவ்வளர்ப்பாளர் எவ்வகை நீரைப் பயன்படுத்துகிறார் என்று வினவி, நம் நீருக்கு ஒத்த நீரில் வளர்ந்த மீனையே பெறுதல் அறிவுடைமை.

நம் கிணற்று நீர் அளவுக்கு மிஞ்சிக் கடினமாயின், அதற்கும் வழியுண்டு. வானம் தரும் மழைநீர் மென்னீர். 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 100 சதுர மீட்டர் பரப்புள்ள மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழுகின்றது. அஃது ஏறத்தாழ நான்கு தொட்டிக்குப் போதியது. முதல் மழையில் மாடியின் அழுக்கைக் கழுவிப் போகவிட்டு, அடுத்த மழையை மூடிய தொட்டியிற் பிடித்து, கிணற்று நீரோடு என்றும் ஒரே அளவிற் கலந்து கொள்ளலாம். மழைநீரைத் தனியே ஊற்றுதல் கூடாது. அதில் உப்பு இன்மையால் நீரின் பி.எச். நிலைகொள்ளாது திடீரென இறங்கிவிடும். குழாயில் வரும் குடிநீரைக் கலப்பதாயின், அதிலுள்ள குளோரின் நீங்கும்படி ஒருநாள் முழுதும் காற்றூட்டி வைத்தல் வேண்டும்.

நீர் இன்னதென்று தெளிந்தபின் தொட்டி அமைக்கும் பணி தொடங்குகின்றது. முற்கூறிய அளவுள்ள தொட்டி ஐந்து அல்லது ஆறு மீன்களுக்கு ஏற்றது. டிஸ்கஸ் கூடிவாழும் இயல்பினது. ஒன்றிரண்டாக வைத்தால் அஞ்சி ஒடுங்கும், அன்றி ஒன்று மற்றொன்றை நலியச் செய்யும். நீரின் எடை மட்டும் 255 கிலோ ஆதலால், தாங்கும் மேடை உறுதியாக இருத்தல் வேண்டும். தரையில் மணல் பரப்பாது வெறுந்தொட்டியாக விடுதல் தொடக்கக்காரர்க்கு நன்று. எஞ்சிய உணவும் கழிவும் கண்ணுக்குத் தெரியும், துடைத்தலும் எளிது. வெப்பம் 28 முதல் 30 பாகை வரை நிலைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் இது தானே கிட்டும். மார்கழி இரவில் வெப்பமூட்டி இன்றி இயலாது. வெந்நீரிற் கரையும் உயிர்வளி தண்ணீரிற் கரைவதினும் குறைவு. ஆகையால் காற்றுப் பம்பு ஓயாது இயங்க வேண்டும். மின்சாரம் நின்றபோது இயங்குதற்கு மின்கலத்தால் ஓடும் சிறு பம்பு ஒன்றும் கைவசம் இருத்தல் நலம்.

இவையெல்லாம் பணத்தால் வாங்கத்தக்கவை. பணத்தால் வாங்கவொண்ணாதது ஒன்றுண்டு; அது பொறுமை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகின்றது. நீரில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொருவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் கொடிய நஞ்சு. மூன்றாவது தீங்கு குறைந்தது, நீரை மாற்றுவதால் நீங்குவது. இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிற் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன் விடாது, சிறிதளவு மீனுணவை மட்டும் நீரில் இட்டு, சோதனைத் துளிகளால் அளந்து வருதல் வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லையென்று காணும் நாளே மீனை வரவேற்கும் நாள். நம் ஊரார் இதில் இருமடங்கு விழிப்பாயிருத்தற்குக் காரணமுண்டு. நீரின் பி.எச். ஏழிலிருந்து எட்டுக்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சுப் பகுதி ஏறக்குறையப் பத்து மடங்காகின்றது. வெப்பம் ஏறினால் அது மேலும் மிகுகின்றது. நம் கிணற்று நீரிற் பெரும்பான்மை காரத்தன்மையது. டிஸ்கஸ் விரும்புவதோ வெப்பம். இரண்டும் ஒருங்கே கூடிய தொட்டியில், காத்திராது விட்ட மீன் பிழைத்தல் அரிது. காலையிற் தொட்டி வாங்கி மாலையில் மீன் விடும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். அறியாமல் இழைப்பினும் அது கொலையே.

இத்துணைத் தொல்லை எதற்கு, எளிதில் வளரும் மீனை வைத்தால் ஆகாதோ என்று வினவுவார் உளர். அவர் சொல்லிலும் பொருளுண்டு. நீரளக்கும் நேரமும், வாரந்தோறும் வாளி சுமக்கும் கையும் இல்லாதார் எளிய மீனோடு நிற்றலே தக்கது. விடுமுறைதோறும் அறையைப் பூட்டி ஊர் செல்லும் விடுதி மாணவர்க்கும் இதுவே எம் அறிவுரை. வறியார் நிறைந்த நாட்டில் இஃது ஆடம்பரம் அன்றோ என்பார்க்கு, கழிவு நீரையும் காலத்தையும் வீணாக்கினால் ஆடம்பரமே என்று உடன்படுகின்றோம். ஆயின் தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய நீர் நைட்ரேட்டு நிறைந்த நல்லுரம். கருவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் தென்னைக்கும் அதனை ஊற்றினால், ஒரே நீர் இருமுறை பயன்படுகின்றது. தோட்டத்துக்கு எப்படியும் இறைக்கும் நீர், இடைவழியில் ஒரு தொட்டியிற் தங்கிச் செல்கின்றது என்றே கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மறவாது கூறல் வேண்டும். வளர்த்துச் சலித்த மீனை ஏரியிலோ பாம்பாற்றணையிலோ விடுவது அருளன்று; பெருந்தீங்கு. நம் சந்தையில் விற்கும் ஜிலேபி மீன் டிஸ்கஸுக்கு உறவினமே. ஆப்பிரிக்கத் தாயகமுடைய அது 1952-இல் நம் நாட்டிற் புகுத்தப்பட்டு, அணைதோறும் பரவி, நாட்டு மீன்களின் இடத்தைக் கவர்ந்து கொண்டது. தொட்டி துடைக்கவென்று வாங்கப்படும் சக்கர் மீனும் வெளியே விடப்பட்டு, தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இன்று பெருகிக் கிடக்கின்றது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ மற்றொரு வளர்ப்பாளரிடமோ ஒப்படைப்பதே முறை. ஐயம் தோன்றினால் வினவுதற்கு இடமும் தொலைவில் இல்லை. 2012-இல் நிறுவப்பட்ட தமிழ்நாட்டு மீன்வளப் பல்கலைக் கழகத்தின் மீன்வளர்ப்பு நிலையம் ஒன்று நம் அண்டையிலுள்ள பாரூரில் இருக்கின்றது.

நீரை அளந்து பழகியவன் தன் தொட்டியோடு நின்றுவிடமாட்டான் என்பது எம் நம்பிக்கை. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நீர் நுரைத்துப் பொங்கிய செய்தி பன்முறை வெளிவந்துள்ளது. அதனைப் படிக்கும் பலர் வருந்துவர். அந்நீரில் யாது கலந்தது, எவ்வளவு கலந்தது என்று வினவுவோர் சிலரே. ஆறு மீன்களின் நலத்துக்காக ஒரு சொட்டு நீரையும் ஆராயக் கற்ற மாணவன், ஆற்றின் பொருட்டும் அவ்வினாவை எழுப்பத் தகுதியுடையவனாகின்றான். ஆதலின், டிஸ்கஸ் வளர்க்க விரும்பும் நண்பர், மீன் கடைக்குச் செல்லும் முன் தம் கிணற்று நீரில் ஒரு குப்பி எடுத்துச் சென்று சோதித்தறிவாராக. ஆறு வாரங் கழித்து அவர் கடைக்குச் செல்லும்போது, எதை வாங்கலாம், எதை வாங்கலாகாது என்பது அவருக்கே தெளிவாக விளங்கும்.