தாயின் கதை யாருக்குச் சொந்தம்?

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுது. நீதிமன்ற அலுவல் முடிந்து கிளிநொச்சியிலுள்ள என் அலுவலகத்தில் அமர்ந்திருந்தேன். இளைஞர் ஒருவர் கையில் கைத்தொலைபேசியுடனும் மடித்த கடதாசிக் கட்டொன்றுடனும் உள்ளே வந்தார். காணி விவகாரமென்றே முதலில் எண்ணினேன். வன்னியிலே சட்டத்தரணியின் கதவைத் தட்டுவோர் பெரும்பாலும் காணிக்காகவோ காணாமற் போன பிள்ளைக்காகவோ தட்டுகின்றனர். இவர் வந்தது வேறு வழக்குக்கு. தொலைபேசியை என் முன் வைத்து, "ஐயா, முதல்ல இதைப் பாருங்கோ" என்றார்.

நான்கு நிமிடப் படம். நடிகர் இல்லை, ஒளிப்பதிவாளர் இல்லை, அனைத்தும் கோட்டோவியம். தலையிலே குடமும் கையிலே குழந்தையுமாக ஒரு பெண் கிழக்கு நோக்கி நடக்கிறாள். ஊர் மாறுகிறது; மரங்கள் குறைகின்றன; பதுங்குகுழிகள் கூடுகின்றன. கடைசியில் கடற்கரை மணலிலே குடம் மட்டும் கிடக்கிறது. 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்கால் வரை நடந்த தம் தாய் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, ஏறத்தாழ ஓராண்டாக அவர் வரைந்த படம் அது. பார்த்து முடித்ததும் எனக்கு வார்த்தை வரவில்லை.

பிறகு கடதாசிக் கட்டை அவிழ்த்தார். படத்துக்குச் சிறுதொகை உதவிய ஒரு நிறுவனத்துடன் அவர் கைச்சாத்திட்ட ஒப்பந்தம். ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். "ஐயா, எங்கட ஊர் வாசிகசாலையில சனத்துக்குப் போட்டுக் காட்டக் கேட்டன். உரிமை தங்கடையாம், காட்ட ஏலாதாம். அம்மா சொன்ன கதை, நான் கீறின படம். உண்மையோ ஐயா?"

ஒப்பந்தத்தை இருமுறை படித்தேன். உண்மைதான் என்றேன். சொல்லும்போது தலை குனிந்தது.

சட்டம் கூறுவது யாது?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளியை மதிக்கிறது. எழுதியவன், வரைந்தவன், இசைத்தவன் ஆயுட்காலம் முழுவதற்கும், அவன் மறைந்து 70 ஆண்டுகள் வரைக்கும் படைப்பிலே பொருளாதார உரிமை உண்டென்பது பொது விதி. ஆனால், ஒலியும் ஒளியும் சேர்ந்த படமென்று வரும்போது, ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவிடத்து அவ்வுரிமை தயாரிப்பாளரைச் சேரும். தயாரிப்பாளர் யார்? பணம் கொடுத்த நிறுவனம் தன்னையே அப்படி எழுதிக்கொண்டால், கையொப்பமிட்ட இளைஞன் கூலிக்குக் கீறியவனாகிவிடுகிறான். படத்தில் தன் பெயர் குறிக்கப்பெற வேண்டுமென்ற உரிமையும், படத்தைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் தனியே நிற்பன. பணத்தோடு அவை போய்விடுவதில்லை. எனினும், ஊராருக்குக் காட்டும் உரிமை போய்விடுகிறது.

வெளிநாட்டு விழாவொன்றில் அப்படம் ஓடலாம்; கொழும்பிலே குளிரூட்டிய மண்டபத்தில் கைதட்டல் பெறலாம். அந்தப் பாதையிலே குடம் சுமந்து நடந்த பெண்ணின் அயலவர் மட்டும் பார்க்கக் கூடாதாம்! இஃது எந்த ஊர் நியாயம்? ஆனால் சட்டப்படி பிழையன்று. சட்டப்படி பிழையற்ற அநியாயத்தை வழக்காடி வெல்ல இயலாது. அது நடவாதபடி முன்கூட்டியே விழிப்போடு இருத்தல் ஒன்றே வழி. இதனாலேயே இன்று எழுதுகிறேன்.

காசற்றவன் கைக்கு எட்டும் கலை

அசைவூட்டப் படமென்றும், பேச்சுவழக்கில் காட்டூன் என்றும் நாம் கூறும் இக்கலை பெருமுதலாளிகளின் ஏகபோகமென்று பலர் எண்ணுகின்றனர். அன்று! அதன் இலக்கணம் எளியது. திரைப்படம் வினாடிக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. ஒரு சித்திரத்தை இரு சட்டங்களுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 சித்திரங்கள் போதும். அக்கணக்கில் நான்கு நிமிடத்துக்கு 2,880 சித்திரங்கள். வேண்டுவன பொறுமையும் கையுமே. இவ்விரண்டும் வன்னியிலே பஞ்சமில்லை.

பாரிஸ் நகரிலே எமில் கோல் என்பவர் 1908ஆம் ஆண்டு ஏறத்தாழ 700 சித்திரங்களைக் கொண்டே இக்கலையின் முன்னோடிப் படமொன்றை ஆக்கினார். ஜெர்மனியிலே லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி, கத்தரிக்கோலும் கறுப்புக் காகிதமும் கொண்டு உருவங்களை வெட்டி, மூட்டுக்கு மூட்டு அசைத்து, 1923 முதல் மூன்றாண்டு உழைத்து, 1926இல் இளவரசர் அக்மத்தின் கதையை முழுநீளப் படமாகவே வெளியிட்டார். நம்முடைய தோற்பாவைக் கூத்தை அறிந்தவர்களுக்கு அவர் முறை அந்நியமாகத் தோன்றாது.

சிறிய இனம், சிறிய மொழி, நம்மால் என்ன ஆகுமென்று கையைப் பிசைவோருக்கு இன்னோர் எடுத்துக்காட்டு. லத்வியா இருபது இலட்சத்துக்கும் குறைந்த மக்கள் வாழும் நாடு. அந்நாட்டு இளைஞரான கின்ட்ஸ் சில்பலோடிஸ், 2019இல் முழுநீளப் படமொன்றைத் தனியொருவராகவே ஆக்கினார். அடுத்து, ஒரு பூனை பெருவெள்ளத்தில் தப்பிப் பிழைப்பதை, ஒரு சொல்லும் பேசாத படமாக, சிறு குழுவொன்றுடன் 2024இல் வெளியிட்டார். 2025ஆம் ஆண்டு அப்படம் பெருநிறுவனங்களின் படங்களையெல்லாம் பின்தள்ளி ஒஸ்கார் பரிசை வென்றது. அவர் கையாண்ட பிளெண்டர் என்ற மென்பொருளோ 2002 முதல் எவருக்கும் இலவசம்! அறிவியல் நகரிலே பொறியியல் பயிலும் மாணவர் கணினியிலும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் மாணவர் கணினியிலும் இன்றிரவே அதனை இறக்கிக்கொள்ளலாம். ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை.

முகம் மறைத்து உண்மை உரைத்தல்

வன்னிக்கு இக்கலை சிறப்பாகப் பொருந்துவதற்கு ஒரு சட்டத்தரணி என்ற முறையில் நான் காணும் காரணம் வேறொன்று. நம்மிடையே சாட்சிகள் உளர்; சாட்சி சொல்லும் துணிவு குறைவு. அச்சத்துக்குக் காரணமில்லை என எவர் கூறுவார்? சாட்சிகளைப் பாதுகாக்கவென 2015இல் ஒரு சட்டம் வந்தது. 2023இல் அதனிடத்தில் இன்னொன்று வந்தது. சட்டம் ஏட்டிலே இருக்கிறது. அச்சம் வீட்டிலே இருக்கிறது. ஒளிப்படக் கருவியைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளும் தாய்மாரை நான் நாள்தோறும் காண்கிறேன்.

சித்திரத்துக்கு முகம் தேவையில்லை. 2021இல் டென்மார்க்கிலே வெளியான ஒரு படம், ஆப்கானிஸ்தானத்திலிருந்து தப்பியோடிய ஒருவரின் வாக்குமூலத்தை அவர் முகத்தையும் மெய்ப்பெயரையும் மறைத்து, சித்திரமாகவே கூறிற்று. குரல் உண்மை, கதை உண்மை, ஆள் மட்டும் பத்திரமாக இருந்தார். உலகமே அப்படத்தைப் பார்த்தது; அடுத்த ஆண்டு மூன்று ஒஸ்கார் பிரிவுகளிலே அது போட்டிக்கு நின்றது.

நம் கதையை எவரும் வரையவில்லை என்றும் சொல்வதற்கில்லை. கிளிநொச்சியில் ஐக்கிய நாடுகள் சபைக்குப் பணியாற்றி, 2008 செப்ரெம்பரில் அச்சபை வெளியேறியபோது உடன் வெளியேறிய பெஞ்சமின் டிக்ஸ், ஓவியர் லின்ட்சே பொலக்குடன் சேர்ந்து 2019இல் 'வன்னி' என்ற பெயரிலேயே ஒரு சித்திரக் கதைநூலை வெளியிட்டார். நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஆனால் அது ஆங்கில நூல், அயலார் தீட்டியது. நம் வீட்டு இழவை அயலவர் எழுதிவைக்க, நாம் வாசலில் நின்று வாசிக்கத் தெரியாமல் பார்த்திருப்பதா?

இவ்விடத்தில் ஒரு கண்டிப்பான சொல்லும் கூற வேண்டும். சித்திரம் நீதிமன்றச் சான்று ஆகாது. கண்டது வேறு, கேட்டது வேறு, கற்பனை வேறு. வரைபவர் தாம் கேட்டதோடு ஒரு பிணத்தையோ ஒரு குண்டையோ கூட்டி வரைந்தாராயின், பிற்காலத்தில் ஒருவன் எழுந்து, "அதுபோலவே இதுவும் பொய்" என்பான். உண்மையும் சேர்ந்து சாகும். கட்டளையிட்ட மாத்திரத்தில் இயந்திரமே சித்திரம் தீட்டித் தரும் காலம் இது. எவரும் காணாத காட்சியை அது கண்டதுபோல் தீட்டும். கற்பனைக் கதைக்கு அதை ஏற்பவர் ஏற்கட்டும். வாக்குமூலத்துக்கு அது கூடாது. தாய் சொல்லிய குரலைப் பதிந்து, திகதி குறித்து, பத்திரப்படுத்தி, அதன்பிறகே கோலை எடுக்க வேண்டும்.

கண்ணீர் மட்டுமா நம் கதை?

"பழையதைக் கிளறாதீர்கள், பிள்ளைகள் மறந்து வாழட்டும்" என்போர் உளர். 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் அமர்ந்தனர். நான்கு நாளில் வவுனியாவிலும், அடுத்த மாதம் முல்லைத்தீவிலும் அமர்ந்தனர். விடை கிடையாமலே அவர்களுட் பலர் கண்மூடிவிட்டனர். அவர்களோடு போன கதைகளை எந்த ஆணைக்குழு மீட்டுத் தரும்? மறத்தல் அவரவர் உரிமை. மறக்கும்படி பிறருக்குக் கட்டளையிட எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும், வன்னியின் பிள்ளைக்குக் கண்ணீர் மட்டுமே பங்கென்றும் நான் கூறேன். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கலில் உப்புநீரில் எரியும் விளக்கு சித்திரத்துக்குரியதன்றோ? முல்லைத்தீவின் கோவலன் கூத்து, கற்சிலைமட்டில் கல்லாய் நிற்கும் பண்டாரவன்னியன் நினைவு, இரணைமடுக் குளத்து வான்பாயும் ஓசை, சுண்டிக்குளத்துக்கு வந்துபோகும் பறவைகள், வேலியுடைக்கும் யானையோடு விவசாயி நடத்தும் இரவுப் பேச்சுவார்த்தை இவை யாவும் சிரிக்கவும் வியக்கவும் வைக்கக்கூடிய நம் கதைகள். 1982இல் ரூபவாஹினி தொடங்கியபின், டைட்டஸ் தொட்டவத்த என்ற திரைக்கலைஞர் அமெரிக்க முயலையும் வேட்டைக்காரனையும் தேர்ந்த சிங்களத்தில் பேசவைத்தார். அதைக் கேட்டு ஒரு தலைமுறையே வளர்ந்தது. அதில் நமக்குப் பொறாமை வேண்டாம், பாடம் வேண்டும். நம் குழந்தையின் காதில் நம் ஊர்த் தமிழில் ஒரு முயல் பேசவேண்டாமா?

அண்டை வீட்டாரும் இதில் கேட்க வேண்டியது உண்டு. கனடாவின் தேசியத் திரைப்படச் சபையிலே நோர்மன் மக்லாரன் 1952இல் 'அயலவர்' என்ற எட்டு நிமிடப் படத்தை எடுத்தார். வேலியோரம் பூத்த ஒரு பூவுக்காக இரு அயலவர் சண்டையிட்டு, வீட்டையும் குடும்பத்தையும் அழித்து, தாமும் மாள்கின்றனர். பூ அவர்கள் புதைகுழிமேல் இருக்கிறது. வசனம் இல்லை. சிங்களவரும் தமிழரும் மொழிபெயர்ப்பின்றிப் பார்க்கக்கூடிய படம் இத்தீவுக்கு இதைவிட வேறென்ன? அதே மக்லாரன் 1949இல் யுனெஸ்கோவின் பணியாக மேற்குச் சீனத்துக்குச் சென்று, அங்குள்ள ஓவியர்களுக்குச் சுகாதாரக் கல்விச் சித்திரங்கள் ஆக்கப் பயிற்சியளித்தார். போரால் நொந்த நாட்டுப்புறத்திலே நடந்த முயற்சி அது. வன்னியிலே நடவாதா?

செய்ய வேண்டியவை

முதலாவது, ஒப்பந்தம். தமிழில் எழுதப்படாத எந்த ஒப்பந்தத்திலும் எம் இளைஞர் கையெழுத்திட வேண்டாம். 1987இல் செய்த திருத்தத்தின் வழியே தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி, கேட்பது பிச்சையன்று. "சொந்த ஊரிலும், பாடசாலைகளிலும், சனசமூக நிலையங்களிலும் கட்டணமின்றிக் காட்டும் உரிமை படைத்தவருக்கு என்றும் உண்டு" என்ற ஒற்றை வாசகம் போதும். அதற்கு இணங்காத உதவி உதவியன்று, கொள்வனவு. அவ்வாசகத்தை எழுதித் தர என் அலுவலகத்தில் கட்டணம் இல்லை. ஏனைய சட்டத்தரணிகளும் அவ்வாறே செய்வார்களென நம்புகிறேன்.

இரண்டாவது, அரங்கம். 2015 முதல் யாழ்ப்பாணத்திலே சர்வதேசத் திரைப்பட விழா நடந்துவந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் வன்னியின் தாய் யாழ்ப்பாணம் போய்ப் படம் பார்ப்பாளா? ஒவ்வொரு சனசமூக நிலையமும் மாதம் ஓர் இரவு, வெள்ளை வேட்டியொன்றைத் திரையாகக் கட்டி, நம்மவர் படங்களைக் காட்டட்டும். பிரதேச சபைகள் ஒளியெறி கருவி ஒன்றை வாங்கி ஊர் ஊராகச் சுற்றவிடட்டும். கட்டை வழித் தெருவுக்குக் கொட்டும் பணத்தில் அது எம்மாத்திரம்?

மூன்றாவது, சட்ட விழிப்பு. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையையும், தனித்தும் கூடியும் தன் பண்பாட்டை வளர்த்துத் தன் மொழியை வழங்கும் உரிமையையும் தருகிறது. மறுபுறம், பொது அரங்கில் காட்டும் படத்தை முன்கூட்டி ஆராயும் அதிகாரம் 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்றிலிருந்து வந்தது. இணையத்தில் இடும் கூற்றுகளைப் பற்றி 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறிற்று. இவற்றை அறியாமல் துணிவதும் தவறு. இவற்றுக்கு அஞ்சிக் கோலைக் கீழே வைப்பதும் தவறு. காட்டுமுன் ஒருமுறை ஆலோசனை கேளுங்கள், பிறகு காட்டுங்கள்.

நான்காவது, பிரதி. 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஓரிரவில் எரிந்தது. ஓரிடத்தில் குவித்த செல்வத்துக்கு ஒரு தீக்குச்சி போதும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிரதி ஊரில், ஒரு பிரதி பல்கலைக்கழகத்தில், ஒரு பிரதி 2005இல் தொடங்கிய நூலகம் இணையச் சேமிப்பகம் போன்ற இடத்தில், ஒரு பிரதி கடல்கடந்த உறவினர் கையில் இருத்தல் வேண்டும்.

"பசித்த வயிற்றுக்குப் படம் எதற்கு?" என்று இறுதியாக ஒருவர் கேட்பார். சோறு வேண்டும், மறுப்பாரில்லை. ஆனால், தன் கதையைப் பிறன் கையில் எழுதிக் கொடுத்துவிட்ட மக்கள், நாளை தம் காணியையும் அதே பேனாவால் எழுதிக் கொடுப்பர். இரண்டும் உரிமையே. ஒன்றைக் காக்கத் தெரியாதவனுக்கு மற்றது நிலைக்காது.

அந்த இளைஞருக்காக நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஊரிலே ஒருமுறை காட்ட அனுமதி கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அவர் அடுத்த படத்தைத் தொடங்கிவிட்டார். இம்முறை தாயின் சிறுபிராயம். குளக்கட்டிலே தாமரை பறித்த கதை. பணம் யாரிடமும் பெறவில்லை. முதற் காட்சி ஊர் வாசிகசாலையிலே என்கிறார். முன்வரிசையில் யார் இருப்பார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை.

வன்னியின் இளைஞரே, கோலை எடுங்கள்! பெரியோரே, திரையைக் கட்டுங்கள்!