ஆஸ்டியோபதி படிக்கலாமா? ஃபீஸ் கட்டும் முன் பார்க்க வேண்டியது என்ன?

கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு. ‘படக்’கென்று ஒரு சத்தம். ‘வலி போயே போச்சு’ என்று சிரிக்கும் முகம். இந்த மாதிரி ரீல்ஸ் பார்க்கும் மொரப்பூர் பிளஸ் 2 மாணவருக்கு, ‘இதையே படிச்சா என்ன?’ என்று தோன்றுவது இயல்பு. ஆனால், ஆஸ்டியோபதி என்ற ஒரே பெயருக்கு நாட்டுக்கு நாடு அர்த்தம் வேறு. சிக்கலே அங்கேதான்.

எங்கே என்ன மதிப்பு?

எலும்பு, தசை, மூட்டுகளைக் கையால் சோதித்து, அழுத்தியும் அசைத்தும் சிகிச்சை தரும் முறை இது. அமெரிக்காவின் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874-ல் இதை முன்வைத்தார். 1892-ல் மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில்லில் கல்லூரி தொடங்கினார். இன்று அமெரிக்காவில் ‘டி.ஓ.’ பட்டம் பெற்று உரிமம் வாங்கியவர் முழு மருத்துவர். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சையும் செய்யலாம். பிரிட்டனில் ஆஸ்டியோபத் அப்படிப்பட்ட மருத்துவர் அல்ல. ஆனால் 1993-ம் ஆண்டுச் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு செய்யாமல் அந்தப் பெயரைப் பயன்படுத்துவது அங்கே குற்றம்.

இந்தியாவில்?

ஒடிசாவின் கட்டக்கில் உள்ள ஸ்ரீஸ்ரீ பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. ஆனால், ஆஸ்டியோபதிக்கென்று தனிச் சட்டமோ கவுன்சிலோ இல்லை. பல வருஷம் படித்தவரும், சில நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே மாதிரி போர்டு மாட்டினால், நோயாளிக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? கழுத்தைத் திடீரெனத் திருப்பியதில் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அரிதுதான், ஆனால் வந்தால் வாழ்க்கையே மாறிவிடும்.

பக்கத்திலேயே ஒரு வழி

கையால் வலி தீர்க்கும் வேலைதான் ஆசை என்றால், பிசியோதெரபி உறுதியான வாசல். திருச்சியில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் பிசியோதெரபிஸ்ட்டைத் தனித் தொழிலாக ஏற்று, பதிவேட்டுக்கும் வழி செய்கிறது. ஆஸ்டியோபதியின் கைமுறைகள் பலவும் பிசியோதெரபி மேற்பயிற்சிகளில் உண்டு.

வேலைக்குத் தேவையும் கிராமத்திலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல், பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருகிறார்.

வெளிநாட்டில்தான் ஆஸ்டியோபதி படிக்க வேண்டும் என்பவர்கள், கல்லூரியின் விளம்பரத்தை அல்ல, அந்நாட்டுப் பதிவுக் கவுன்சிலின் பட்டியலைப் பார்க்க வேண்டும். ‘திரும்பி வந்தால் இங்கே எந்தப் பதிவேட்டில் என் பெயர் ஏறும்?’ என்பதற்கும் ஃபீஸ் கட்டும் முன்பே எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

அரசுக்கும் பொறுப்பு உண்டு. ஆஸ்டியோபத் என்று யார் போர்டு வைக்கலாம், யார் வைக்கக் கூடாது என்பதை ஆணையம் தெளிவாக அறிவிக்க வேண்டும். அதுவரை நஷ்டம் நகையை அடகு வைத்துப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கும், நம்பிக் கழுத்தைக் கொடுக்கும் நோயாளிக்கும்தான்.