கடைமடைக்கும் வேண்டும் கண்காணிப்பு

கல்லணையில் பிரியும் காவிரி நீர், கல்லணைக் கால்வாய் வழியே பேராவூரணிப் பகுதியை வந்தடைகிறது. இது பாசனத்தின் கடைமடை. மதகைத் திறந்துவிட்டதோடு நீர் மேலாண்மை முடிவதில்லை. கடைசி வயலிலும் நீர் ஏறியதா எனப் பார்த்தல் வேண்டும். குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்திற்கும் இது பொருந்தும்.

தடுப்பூசி வழங்குவதில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண சன்னி, கல்லீரல் அழற்சி ‘பி’, ‘ஹிப்’ பாக்டீரியாவால் வரும் நோய்கள் ஆகிய ஐந்தையும் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசி, இந்தியாவில் முதன்முதலாக 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. நிமோனியாவையும் மூளை உறை அழற்சியையும் உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கான தடுப்பூசி 2021இல் இங்கு அறிமுகமானது. குழந்தையின் ஆறாம் வாரத்தில் இவ்விரண்டின் முதல் தவணையும் கட்டணமின்றிப் போடப்படுகிறது.

எனினும், ஊசி போடுவது பணியின் ஒரு பாதியே. நியூமோகாக்கஸில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. தடுப்பூசி அவற்றுள் சிலவற்றிற்கு எதிராகவே உருவாக்கப்படுகிறது. எவ்வகை எங்கே மிகுதி என்பதைத் தொடர் கண்காணிப்பே காட்டும். 1993 முதல் 1997 வரை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட ஆறு இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் மிகுதியாகக் காணப்பட்ட வகைகளுள் ஒன்றாம் வகையும் ஒன்று. ஆனால், 2000இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஏழு வகைத் தடுப்பூசியில் அவ்வகை இல்லை. பின்வந்த தடுப்பூசிகளிலேயே அது இடம்பெற்றது. நம் குழந்தைகளைத் தாக்கும் கிருமியை நாமே அறிந்திருக்க வேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது.

அவ்வறிவு பெருநகரங்களிலிருந்து மட்டும் கிடைத்தால் போதாது. நோயுற்ற குழந்தை பெரிய மருத்துவமனையை அடையும் முன்பே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெற்றிருந்தால், பின்னர் எடுக்கும் குருதியிலோ தண்டுவட நீரிலோ கிருமி வளராமல் போகலாம். குழந்தை பிழைத்தாலும் நோய்க்காரணம் பதிவேட்டில் ஏறாது. ஆகவே, சிகிச்சையைத் தாமதப்படுத்தாமல், முதல் மருந்துக்கு முன்னரே குருதி மாதிரி எடுத்து ஆய்வகத்திற்கு அனுப்பும் வசதி வட்ட அளவிலான மருத்துவமனைகளிலும் அமைய வேண்டும்.

இதற்குப் பெரும் செலவாகும் என்பர் சிலர். ஆயினும், எம்மருந்துக்குக் கிருமி கட்டுப்படும், எம்மருந்தை அது எதிர்த்து நிற்கும் என்பதையும் அதே ஆய்வு காட்டிவிடும். பயனற்ற மருந்துக்கு ஆகும் செலவும், அதனால் இழக்கும் காலமும் குறையும்.

பெற்றோர் தவணை தவறாது தடுப்பூசி போடுவித்து, அட்டையைப் பாதுகாத்தல் வேண்டும். கடைமடை ஊரில் நோயுறும் குழந்தையின் குருதி மாதிரியும் ஆய்வகம் சென்று சேர அரசு வழிசெய்தல் வேண்டும்.