கொல்லன் பட்டறைக்கு கேமராவோடு போகிறவர்களுக்கு...

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிற கூட்டம் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வாயைப் பிளக்கும். பிளக்க வேண்டிய கோபுரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கருங்கல்லைக் கொத்திய உளிகளைக் காய்ச்சி அடித்துக் கொடுத்தது யாருங்க? கல் உளி சீக்கிரமே மழுங்கிவிடும். திரும்பத் திரும்ப உலையில் வைத்து முனை அடிக்க வேண்டும். ராஜேந்திர சோழன் பெயர் நிற்கிறது. கொல்லர் பெயர்?

சரி, அது பழைய கதை. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. சிவகளையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 3345 வரை போகிறதாம். உடனே "5300 வருஷ இரும்பு" என்று எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் பெருமை பொங்கியது. நல்லது. அதே இரும்பை இன்றைக்கும் அடிக்கிறவர் பெரம்பலூர், அரியலூர் பக்கம் ரோட்டோரம் உலை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் மட்டும் "ஒரு அருவாமனைக்கு இவ்வளவா? பாதிக்குத் தாங்க" என்று பேரம்!

கையால் அடித்த கத்தியைப் பார்க்கப் பட்டறைக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். தீப்பொறி பறந்தால் ஒரு வீடியோ, சம்மட்டியைத் தூக்கி ஒரு போட்டோ, அதோடு கிளம்பிவிடுவார்கள். பார்க்க வேண்டியது தோய்ச்சலை அய்யா! லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை வெட்டி, பழுக்கக் காய்ச்சி, அடித்து உருவாக்கிய பிறகு தண்ணீரில் தோய்ப்பார்களே, அங்கேதான் வித்தை இருக்கிறது. தோய்ச்சல் அதிகமானால் வாய் தெறிக்கும், குறைந்தால் நாலு நாளில் மழுங்கும். தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது. இரும்பின் நிறத்தைப் பார்க்கிற கண்தான் கருவி.

பி.காம். மக்கள் ஒரு காஸ்ட் ஷீட் போட்டுப் பாருங்கள். பட்டை, கரி, சம்மட்டி அடிக்கிறவர் கூலி, சாணை, பிடி. கரிக்கடைக்காரர் விலையைக் குறைக்க மாட்டார். பேரத்தில் குறைகிற ஒவ்வொரு ரூபாயும் கொல்லரின் கூலியிலிருந்துதான் போகிறது.

பேரமாவது பரவாயில்லை, சந்தேகம் இன்னும் மோசம். ரவுடிகளை ஒடுக்குவதற்காக 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை நடவடிக்கை எடுத்தபோது, பட்டறைகளில் சிசிடிவி வைக்கவும், வாங்குகிறவர் பெயர், முகவரி, போன் நம்பரைக் குறித்து வைக்கவும் சொன்னார்கள். அருவாளால் கொலை நடக்கிறது, உண்மை. அதற்கு ரவுடியைக் கண்காணிக்கட்டும். 1959 ஆயுதச் சட்டமே வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டும் செய்த கருவிகளை ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. மக்காச்சோளக் காட்டுக்குக் களைக்கொத்தும் முந்திரித் தோப்புக்குக் கிளை கழிக்கிற அருவாளும் அடித்துக் கொடுப்பவர் சொந்தக் காசில் கேமரா மாட்ட வேண்டுமா? இது எந்த ஊர் நியாயம்?

ஒரு பக்கம் மியூசியப் பெருமை, மறு பக்கம் போலீஸ் சந்தேகம். இரண்டுக்கும் நடுவில் அவர் ஒரு தொழிலாளி என்பதே மறந்துபோகிறது.

ஆகவே மக்களே, பட்டறைக்குத் தாராளமாகப் போங்கள். போகும்போது வீட்டில் மழுங்கிக் கிடக்கிற அருவாமனையையும் எடுத்துப் போங்கள். அடிக்கச் சொல்லுங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள். அப்புறம் எத்தனை போட்டோ வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் :-)