தள்ளாடும் நடை

சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமி இரவு, செங்கம் சாலையில் ரமணாசிரமத்து வாயிலருகே ஒருவர் கால்கள் பின்ன நடந்து வந்தார். ஐம்பது வயதிருக்கலாம். "கிரிவலத்துக்குக் குடிச்சிட்டா வர்றது?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். உடன் வந்த மனைவி, "குடிக்கிற பழக்கமே இல்லீங்க. இவங்க அப்பாவுக்கும் இப்படித்தான், அண்ணனுக்கும் இப்படித்தான்" என்றார். சொல்லிச் சொல்லிச் சலித்த குரல் அது. பிறகு என்னைப் பார்த்து, "பசங்களுக்கும் வருமா சார்?" என்றார்.

அவருடைய நோய் எதுவென நான் அறியேன்; தமிழ் பயிற்றுவிப்பவன், மருத்துவன் அல்லன். ஆயினும் 2005இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் வந்த ஆய்வொன்று நினைவுக்கு வந்தது. தமிழ்ச் சமூகம் ஒன்றில் எஸ்.சி.ஏ.1 என்னும் சிறுமூளைச் சிதைவு நோய் மிகுந்திருப்பதை அது பதிவு செய்கிறது. தலைப்பிலேயே 'தமிழ்' உண்டு, கட்டுரை ஆங்கிலத்தில்.

அட்டாக்ஸின்-1 என்னும் புரதத்துக்குரிய மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூவெழுத்து ஏறத்தாழ 40 தடவைக்குமேல் இடையறாது திரும்ப வருவதே இந்நோய்க்குக் காரணம். ஏடு பெயர்த்தெழுதியவர் ஒரே சீரை மீண்டும் மீண்டும் எழுதிவிட்டதைப் போன்றது. சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஹாரி ஆர், ஹுடா ஸோக்பி இருவரும் 1993இல் இதைக் கண்டறிந்தார்கள். 1995இல் அந்தப் பிழை மரபணுவைச் சுண்டெலியின் சிறுமூளையிலுள்ள பர்கின்ஜி செல்களில் இயங்கவைத்தபோது சுண்டெலியும் தள்ளாடியது.

என்னை உலுக்கியது அடுத்து வந்த செய்தி. செல்களில் சிதைவு கண்ணுக்குத் தெரியுமுன்பே, கால்சியத்தைக் கையாளும் மரபணுக்கள் சில அடங்கிப்போவதை அவர்கள் குழு 2000இல் காட்டியது. 2004இல் மருந்து கொடுத்துப் பிழை மரபணுவை அணைத்தபோது சுண்டெலிகள் தேறின. நோய் முற்றுமுன் அணைத்தவை முழுமையாகவே தேறின. ஆக, நோயுற்ற செல் நெடுங்காலம் உயிரோடுதான் இருக்கிறது, குரலிழந்து. மனிதருக்கு நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் 'முன்னோர் சாபம்' என்று கைவிட இனி நியாயமில்லை.

மரபணு 'வெளிப்பாடா', 'வெளிப்படுத்தமா' என்று நாம் கலைச்சொல்லுக்கு வழக்காடுகிறோம். (நானும் வழக்காடியவன்தான்.) அன்று அந்த அம்மாளுக்கு நாலு வாக்கியம் சொல்ல எனக்குத் தமிழ் வரவில்லை. எஸ்.சி.ஏ.1 என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. தந்தைவழி வந்தால் இளவயதிலேயே தொடங்கக்கூடும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொள்வதா என்பதைப் பிள்ளைகள் வயதுவந்தபின் தாமே முடிவுசெய்ய வேண்டும். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு நம் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைக்கலாம். எழுதித்தர நான் ஆயத்தம்; நரம்பியல் மருத்துவர் ஒருவர் பிழை திருத்தித் தரவேண்டும்.